‘நம்ம கடைதானே மகள்’ என்று சொன்னால் என்ன செய்வது

அக்காவின் மகளுக்கு மட்டக்களப்பு டவுனில் ஒரு புடைவைக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. ஏ.எல். எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இருக்க அவளுக்கு விருப்பமில்லை. "சின்னம்மா, நீங்க பதினொரு வருஷம் கடையில நிண்டீங்கதானே, எனக்குச் சொல்லித் தாங்க" என்று வந்தாள். துணி மடிப்பது, கஸ்டமரோடு கதைப்பது பற்றிச் சொல்வேன் என்று நினைத்திருப்பாள். அதெல்லாம் ஒரு கிழமையில் கை தானாகப் பழகிக்கொள்ளும். முதலாளி கேட்கக் கூடாததைக் கேட்கும்போது என்ன செய்வது என்பதுதான் எத்தனை வருடம் நின்றாலும் பழகாது. அன்றிரவு பன்னிரண்டு மணிவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். ஹார்ட்வெயார், பேக்கரி, பாமசி, ஃபோன் கடை என்று எங்கே நிற்பவர்களுக்கும் இது பொருந்தும்.

நான் வவுணதீவுப் பக்கம். 2010 இல் கடைக்குப் போனேன், 2021 இல் விட்டேன். முழுக்கச் சாரிப் பகுதி. என் முதலாளி கெட்ட மனிதர் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு சொல்வதெல்லாம் கோபத்தில் சொல்வதாகத் தெரியும். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து பார்த்தவர் அவர். அம்மாவோடு நான் நின்ற நான்கு நாளையும் அந்த மாதச் சம்பளத்தில் வெட்டியவரும் அவர்தான்.

பதினொரு வருடத்தில் அவர் என்னை ஒருநாளும் அதட்டி வேலை வாங்கியதில்லை. "நம்ம கடைதானே மகள்" என்பார். நம்ம கடைதானே, இன்றைக்குக் கொஞ்சம் பிந்திப் போ. நம்ம கடைதானே, ஞாயிற்றுக்கிழமை ஸ்டொக் எடுக்க வா. நம்ம கடைதானே, காசு குறைந்தால் எல்லோரும் பங்கு போடுவோம். லாபம் வந்த மாதத்தில் மட்டும் அது அவருடைய கடை. அதட்டினால் நமக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் நியாயம் யோசிப்போம். அன்பாகக் கேட்டால் வெட்கம்தான் வருகிறது. காசைப் பற்றிக் கதைக்க வாய் வராது. ஆகவே அந்தச் சொல் காதில் விழும்போதே, இப்போது ஏதோ ஒன்று இலவசமாகக் கேட்கப்படப் போகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

சேருகிற நாள்

நியமனக் கடிதம் கேளுங்கள். பதவி, சம்பளம், வேலை நேரம் எல்லாவற்றையும் எழுத்தில் தர வேண்டும் என்று 1954 ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்திலேயே இருக்கிறது. "பிறகு தாறன்" என்பார்கள். எனக்குச் சொன்ன அந்தப் ‘பிறகு’ 2021 வரை வரவில்லை. இப்போது உங்கள் கையில் ஃபோன் இருக்கிறது. அன்று பின்னேரமே முதலாளிக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: "முதலாளி, இன்றைக்கு வேலைக்குச் சேர்ந்தேன். மாதச் சம்பளம் இவ்வளவு, காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை என்று சொன்னீர்கள். நன்றி." அவர் பதிலுக்கு ஒரு கைகூப்பும் படம் போட்டால் போதும். திகதியோடு உங்களிடம் ஒரு கடிதம் வந்துவிட்டது.

சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். குறைந்தபட்சச் சம்பளத்துக்கென்று 2016 இல் ஒரு சட்டம் வந்தது. அப்போது மாதம் 10,000 ரூபாய். அது ஏறி ஏறி 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகியிருக்கிறது. நாள் சம்பளம் என்றால் 1,200. "டவுன் கடையெல்லாம் இருபத்திரண்டுதான் குடுக்கிறாங்க" என்று யாராவது சொன்னால், எல்லோரும் பிழை விடுகிறார்கள் என்றுதான் அர்த்தம். வேலை பழகும் மூன்று மாதத்துக்குச் சம்பளமே இல்லை என்று சொல்லும் கடையும் உண்டு. அந்தப் படியை விட்டு இறங்கி அடுத்த கடைக்குப் போங்கள்.

அடையாள அட்டை, ஓ.எல். சான்றிதழ் எல்லாம் போட்டோ கொப்பிதான் கொடுக்க வேண்டும். மூலப் பிரதியை லாச்சிக்குள் வைத்துக்கொண்டால், வேலையை விடுகிற நாளில் அதை வாங்க நீங்கள் கெஞ்ச வேண்டி வரும்.

கொப்பி

இதைத்தான் ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

2011 ஜனவரியில் மட்டக்களப்பில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வலையிறவுப் பக்கம் வீதி எது, வாவி எது என்று தெரியவில்லை. நான் கடைக்குச் சேர்ந்து ஆறு மாதம். வேலை போய்விடுமோ என்று பயம். இரண்டு நாள் உழவு மெஷின் பெட்டியில் ஏறி, நெஞ்சோடு சோத்துப் பார்சலைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். பதினொரு மணிக்குத்தான் வர முடிந்தது. ஈரப் பாவாடையோடு நின்று வேலை செய்தேன். மாதச் சம்பளம் கொடுக்கும்போது ஆறு நாள் வெட்டியிருந்தது. "நாலு நாள்தான் முதலாளி வரல்ல, ரெண்டு நாள் வந்தன்" என்றேன். மேற்பார்வைக்கு நின்ற அண்ணன் பதிவுப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். ஆறு கட்டத்திலும் சிவப்புப் பேனையால் கோடு. அவரும் பொய் சொல்லவில்லை, அந்த இரண்டு நாளும் அவரே வரவில்லை. வந்த பிறகு, யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்து எல்லோருக்கும் கோடு இழுத்துவிட்டார். என்னிடம் என்ன இருந்தது? ஈரப் பாவாடைதான் இருந்தது, அதுவும் காய்ந்துவிட்டது.

அன்று பின்னேரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். அதிலிருந்து வேலையை விடும் நாள்வரை எழுதினேன். பதினான்கு கொப்பி.

என்ன எழுதுவது? நீளமாக எதுவும் வேண்டாம். திகதி, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், மதியம் சாப்பிட எத்தனை நிமிடம். அன்றைக்கு வழமைக்கு மாறாக ஏதாவது நடந்திருந்தால் ஒரு வரி. "லொறி வந்தது, 34 பெட்டி இறக்கினோம், நானும் இரண்டு பிள்ளைகளும்." "போயா (பௌர்ணமி லீவு), 9 முதல் 4 வரை." "முதலாளி ஊரில் இல்லை, சாவி என்னிடம்." பேனையால் எழுத வேண்டும், பென்சில் கூடாது. பக்கம் கிழிக்கக் கூடாது, பிழைத்தால் ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு அடுத்து எழுதுங்கள். கிழமை முடிந்து ஞாபகத்தில் இருந்து எழுதக் கூடாது. அன்றன்றைக்கு, பஸ்சில் இருந்துகொண்டே எழுதிவிட வேண்டும். குலுங்குகிற பஸ்சில் எழுதிய என் எழுத்தைப் பிறகு ஒரு அதிகாரி பார்த்துச் சிரித்தார். ஆனால் அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்துத்தான், இது பிறகு இருந்து தயாரித்த கணக்கு இல்லை என்று நம்பினார். ஃபோனிலும் எழுதலாம். ஆனால் ஃபோன் உடையும், தொலையும், தண்ணீரில் விழும். கொப்பியில் எழுதி, மாத முடிவில் படம் எடுத்து வையுங்கள். கொப்பியைக் கடையில் வைக்காதீர்கள். அதைப் பற்றி யாரிடமும் பெருமை அடிக்காதீர்கள், பக்கத்தில் நிற்கிற நல்ல பிள்ளையிடம்கூட.

எழுதியதை வைத்து என்ன செய்வது? மாதம் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். கடை வேலைக்குச் சட்டம் வைத்திருக்கும் நேரம் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு நாற்பத்தைந்து. சாப்பாட்டு நேரம் அதில் சேராது. அதற்கு மேல் நின்றால் ஓ.டி., ஒன்றரை மடங்கு. அந்த ஓ.டி.யும் கிழமைக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. கணக்கு இப்படி: சம்பளம் 30,000 என்றால் அதை 240 ஆல் பிரியுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு 125 ரூபாய். ஓ.டி. என்றால் 187 ரூபாய் 50 சதம். "ஒரு ஒன்றரை மணித்தியாலம்தானே மகள்" என்று தினமும் நின்றால், மாதம் இருபத்து நான்கு நாளுக்கு 36 மணித்தியாலம். 6,750 ரூபாய். ஒன்றரை மணித்தியாலம் என்று கேட்கும்போது சின்னதாகத்தான் இருக்கும். மாதம் ஆறாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய் முதலாளிக்கு அன்பளிப்பாகக் கொடுக்கச் சம்மதமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

பிந்தி நிற்கச் சொன்னால்

முடியாது என்று சொல்லாதீர்கள். என் அனுபவத்தில் அந்தச் சொல்லால் ஒன்றும் நடந்ததில்லை. "இவளுக்குத் திமிர்" என்று பேர் வந்ததுதான் மிச்சம். அதற்குப் பதிலாக நேரம் கேளுங்கள்.

"இண்டைக்குக் கொஞ்சம் நில்லு மகள்."

"ஓம் முதலாளி. எத்தின மணிக்கு விடுவீங்க? ஆறரை பஸ்ஸ விட்டா எனக்கு ஓட்டோதான்."

அவ்வளவுதான். ‘கொஞ்சம்’ என்பதற்கு முடிவே இல்லை, ஒன்பது மணி என்பதற்கு முடிவு இருக்கிறது. நேரத்தைச் சொன்ன மனிதர் ஓட்டோக் காசையும் யோசிக்கத்தான் வேண்டும். தீபாவளி சீசனில் பத்தரைவரை நின்று, வீட்டுக்கு ஓட்டோவுக்கு 600 ரூபாய் கொடுத்திருக்கிறேன், என் காசில். அன்றைய என் நாள் சம்பளம் அதைவிடக் குறைவு. நான்காவது வருடம்தான் இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகினேன். முதல்முறை கேட்டபோது முகத்தைச் சுளித்தார். இரண்டாம் முறை, எங்கள் பக்கம் போகும் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு ஓட்டோ பேசிவிட்டார். அவருக்கும் அது பெரிய காசு இல்லை, நான்கு வருடமாக யாரும் கேட்கவில்லை என்பதுதான்.

எப்போது கேட்பது என்பதும் ஒரு வித்தை. காலையில் விளக்கு வைத்து முதல் வியாபாரம் நடக்கும் முன் காசுக் கதை எடுக்கவே கூடாது, அன்றைய நாள் முழுக்கத் தரித்திரம் என்று நினைப்பார்கள். இரவு கணக்கு முடிக்கும் நேரமும் கூடாது. கஸ்டமருக்கு முன்னால் ஒருபோதும் கூடாது. எனக்குப் பலித்த நேரம் பத்தரை மணி, அவர் தேத்தண்ணி குடித்து முடித்த கையோடு. தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். ஒருத்தி கேட்டால் அவளுக்குத்தான் பிரச்சினை என்பார்கள், இரண்டு பேர் கேட்டால் கடைக்கு ஒரு பிரச்சினை என்று ஆகிவிடும். ஆனால் எட்டுப் பேராகவும் போக வேண்டாம், முதலாளி பயந்துவிடுவார். பயந்த முதலாளி யாரையாவது ஒருவரை நிற்பாட்டத்தான் பார்ப்பார்.

இப்போது வாட்ஸ்அப் குரூப் வேறு. இரவு பத்து மணிக்கு "நாளை காலை 7 மணிக்கு லொறி. எல்லோரும் வரவும்" என்று வரும். உடனே பெருவிரலைத் தூக்கிக் காட்டாதீர்கள். காலையில் பஸ் ஏறும்போது "இப்போதுதான் பார்த்தேன் முதலாளி, வழமை பஸ்சில் வருகிறேன்" என்று போடுங்கள். இரண்டு தடவை அப்படி நடந்தால் செய்தி மாலை ஐந்து மணிக்கே வரத் தொடங்கும்.

ஞாயிறு ஸ்டொக் எடுக்கவும் போயாவுக்கும் கூப்பிடுவார்கள். கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு லீவு உங்களுக்குரியது. போயாவில் வேலை செய்தால் ஒன்றரை மடங்குச் சம்பளம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, "அப்ப எந்த நாள் லீவு தருவீங்க?" என்று கேளுங்கள். கொப்பியில் எழுதுங்கள்.

காசு குறைந்தால், சாமான் பழுதானால்

ஒரு சனிக்கிழமை இரவு லாச்சியில் 1,850 ரூபாய் குறைந்தது. அன்று காசு மேசையில் மாறி மாறி நான்கு பேர் நின்றோம். முதலாளியின் மச்சானும் இடையில் இருந்தார், ஆனால் அவர் பங்குக் கணக்கில் வரவில்லை. ஆளுக்கு 462 ரூபாய் 50 சதம். ஐம்பது சதத்தையும் விடவில்லை. மூன்றாம் நாள் துணி ரோலுக்கு அடியில் ஒரு பில் அகப்பட்டது. மச்சான் தன் கையால் எழுதிய பில், சரியாக 1,850. "சரி சரி, அடுத்த மாதம் பாப்பம்" என்றார்கள். அடுத்த மாதம் யாரும் பார்க்கவில்லை.

இதற்கு நான் பிறகு கண்டுபிடித்த வழி: காசு மேசையைப் பொறுப்பெடுக்கும்போது எண்ணி எடுங்கள், விடும்போது எண்ணிக் கொடுங்கள். ஒரு துண்டில் தொகையை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். "என்னில நம்பிக்கை இல்லையா?" என்பார்கள். "என் ஞாபகத்திலதான் நம்பிக்கை இல்ல அண்ணன்" என்று சிரித்துக்கொண்டே நீட்டுங்கள். எண்ணித் தராத மேசையில் இருக்க மாட்டேன் என்று ஒருமுறை நின்றால் போதும். இதில் மட்டும் நான் முடியாது என்று சொல்லச் சொல்வேன், ஏனென்றால் களவு என்ற பேர் இந்தச் சின்ன ஊரில் ஒருமுறை ஒட்டினால் கழுவ முடியாது.

சாமான் பழுதும் இப்படித்தான். கஸ்டமரின் பிள்ளை மாம்பழக் கையோடு ஒரு பட்டுச் சாரியைப் பிடித்துவிட்டது. 4,600 ரூபாய். என்னோடு நின்ற அக்காவின் சம்பளத்தில் மூன்று தவணையாக வெட்டினார்கள். சாரி அவவுக்குக் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை, தள்ளுபடியில் 3,500 க்கு விற்றுவிட்டார்கள். சம்பளத்தில் இருந்து எதை வெட்டலாம் என்று சட்டம் சொல்லியிருக்கிறது, முதலாளி நினைத்ததையெல்லாம் வெட்ட முடியாது. "சம்மதம்" என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். வாசிக்காமல் போடாதீர்கள். சிங்களத்திலோ இங்கிலீஷிலோ இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். வெறுந்தாளில் கையெழுத்து என்றால் அப்பாவே கேட்டாலும் போடாதீர்கள்.

காலும் தண்ணீரும்

நிற்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. காலை எட்டரைக்கு நிற்கத் தொடங்கினால் மதியம் சாப்பிடும் இருபது நிமிடத்தைத் தவிர இருப்பது கிடையாது. கடையில் ஆள் இல்லாத இரண்டு மணி வெயிலிலும் நிற்க வேண்டும், ஏனென்றால் கஸ்டமர் எட்டிப் பார்க்கும்போது நாம் இருந்தால் கடைக்கு அழகில்லையாம். ஒருநாள் துணிப் பேல் ஒன்றின் மேல் இருந்தேன், இரண்டு நிமிடம்தான். கடை ஃபோன் அடித்தது. முதலாளி வீட்டிலிருந்து. "மூண்டாம் கமராவில பாத்தன் மகள், உடம்புக்கு ஏலாதா?" என்று கேட்டார். குரலில் அன்புதான். அதன்பிறகு மூன்றாம் கமராவுக்குக் கீழே ஒருவரும் இருக்கவில்லை. நான்காம் கமராவுக்கும் தூணுக்கும் இடையில் ஒரு முழ இடம் படத்தில் விழாது, முறை வைத்து அங்கே போய் இருந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குக் கணுக்காலில் நரம்பு நீலமாகப் புடைத்திருந்தது.

கேரளாவில் 2018 இலும் தமிழ்நாட்டில் 2021 இலும் கடைகளில் நிற்பவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தார்கள். இதை நான் ஃபோனில் பார்த்து முதலாளிக்குக் காட்டினேன். "அது இந்தியா" என்றார். பிறகு கஸ்டமருக்கென்று வாங்கிய பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒன்று எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. ஆகவே நாற்காலி கேட்பதென்றால் உங்களுக்கென்று கேட்காதீர்கள். "சாரி பார்க்க வயசான அம்மாமார் வாறாங்க, ரெண்டு ஸ்டூல் போடுவமா?" என்று கேளுங்கள். எனக்கு அப்படித்தான் வந்தது.

தண்ணீர் குடியுங்கள். கழிவறைக்குப் போக விட மாட்டார்கள் என்று நாங்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்தோம், ஒன்பது பேரில் நான்கு பேருக்குச் சலக்கடுப்பு வந்தது. கேட்டுப் போகாதீர்கள், சொல்லிவிட்டுப் போங்கள். "போகட்டா?" என்பது வேறு, "இந்தா வாறன், அக்காவைப் பார்க்கச் சொல்லுங்க" என்பது வேறு.

முதலாளி வீட்டு விசேஷம்

வெங்காயம் உரிக்கக் கூப்பிடுவார்கள். ஒருமுறை போங்கள், அது மரியாதை. சட்டி கழுவ இரண்டாம் முறை கூப்பிட்டால், அன்று கடைச் சம்பள நாளாகக் கணக்கா என்று கேளுங்கள். மூன்றாம் முறை கூப்பிட மாட்டார்கள்.

முதலாளியிடம் அட்வான்ஸ் எடுப்பதும் இந்த வகைதான். தங்கச்சியின் கலியாணத்துக்கு நான் 25,000 எடுத்தேன். வட்டி இல்லை. ஆனால் அது கட்டி முடியும்வரை ஓ.டி. பற்றி வாயே திறக்க முடியவில்லை. எடுத்தால், எடுத்த தொகை, மாதம் கழிக்கும் தொகை, மிச்சம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று.

லீவு பற்றி ஒரு வார்த்தை. முதல் வருடம் கடந்த பிறகு வருடத்துக்குப் பதினான்கு நாள் வருடாந்த லீவும், சுகவீனம், சொந்த அலுவல் என்று ஏழு நாளும் சம்பளத்தோடு உண்டு. அம்மாவோடு ஆஸ்பத்திரியில் நின்ற அந்த நான்கு நாளை அவர் வெட்டியிருக்கவே கூடாது. எனக்கு அது தெரிய ஒன்பது வருடம் எடுத்தது.

ஈ.பி.எஃப்., தொழில் அலுவலகம்

சம்பளச் சிட்டையில் ஈ.பி.எஃப்.புக்கு, அதாவது ஊழியர் சேமலாப நிதிக்கு, எட்டு வீதம் வெட்டியிருக்கும். முதலாளி தன் பங்காகப் பன்னிரண்டு வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும், ஈ.டி.எஃப். என்கிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் மூன்று வீதம், அது முழுக்க அவர் காசு. 30,000 சம்பளம் என்றால் மாதம் 6,000 உங்கள் பேரில் ஈ.பி.எஃப்.பில் விழ வேண்டும். கடையில் ஒரே ஒரு ஆள்தான் வேலை செய்கிறார் என்றாலும், தற்காலிகம் என்றாலும், முதல் நாளிலிருந்து கட்ட வேண்டும். வெட்டியது வேறு, கட்டியது வேறு என்பதை நினைவில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை தொழில் அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு போய், எந்த மாதம்வரை வந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்காமல் விட்டேன். வேலையை விட்ட பிறகு போனால், பதினொரு வருடத்தில் மூன்று வருடத்துக்குத்தான் காசு கட்டப்பட்டிருந்தது.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் இருந்து அழுதேன். அழுது முடித்து வீட்டுக்குப் போய், பதினான்கு கொப்பியையும் ஒரு சொப்பிங் பையில் கட்டிக்கொண்டு மறுநாள் திரும்பப் போனேன்.

தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கக் காசு இல்லை, சட்டத்தரணி தேவையில்லை. தமிழிலேயே ஒரு கடிதம் போதும்: உங்கள் பேர், விலாசம், கடையின் பேர், விலாசம், சேர்ந்த திகதி, விட்ட திகதி, சம்பளம், என்ன வர வேண்டும். கோபத்தை எழுதாதீர்கள், இலக்கத்தை எழுதுங்கள். சம்பளச் சிட்டை, வாட்ஸ்அப் செய்தி, கொப்பி எல்லாவற்றுக்கும் போட்டோ கொப்பி கொடுத்து, மூலத்தைக் காட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இன்னும் வேலையில் இருக்கிறீர்கள் என்றால், பேரை வெளியே சொல்லாமல் விசாரிக்க முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

உடனே நடக்கும் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பதினான்கு மாதம் போனது. விசாரணைக்கு மூன்று முறை கூப்பிட்டார்கள், ஒருமுறை அவர் வரவில்லை. வந்த நாளில் எனக்கு எதிர்க் கதிரையில் இருந்துகொண்டு, "நீயா மகள் இப்பிடிச் செய்தாய்?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது, நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். என் தொண்டையும் அடைத்தது. தொழில் உத்தியோகத்தர்தான் கொப்பியைத் திறந்து, "2013 மார்ச்சில் இருந்து பார்ப்போமா?" என்றார். அதன்பிறகு இலக்கம்தான் கதைத்தது. தவணையாகக் கட்டினார், தண்டப் பணத்தோடு. ஓ.டி.யில் பாதியை விட்டுக்கொடுத்தேன், இன்னும் ஒரு வருடம் அலைய எனக்குத் தெம்பில்லை. சேவைக்காலப் பணிக்கொடை கிடைக்கவில்லை, ஏனென்றால் அது பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்குத்தான். அப்படியான கடையில் ஐந்து வருடம் முடித்தவர்கள், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று கணக்குப் பார்த்துக் கேட்க மறக்க வேண்டாம்.

வேலையை விடுவதென்றால் கோபத்தில் வராமல் நின்றுவிடாதீர்கள். தானாக விட்டுப் போனாள் என்று எழுதிவிடுவார்கள். இரண்டு வரிக் கடிதம், பதிவுத் தபாலில். அவர்கள் நிற்பாட்டினால் தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதம்தான் இருக்கிறது, யோசித்துக்கொண்டிருந்து அதைத் தவறவிடாதீர்கள். இன்னொன்று, முறைப்பாடு கொடுக்க முதல் அடுத்த வேலையைப் பார்த்து வையுங்கள். இந்த டவுனில் முதலாளிமார் ஒருவருக்கொருவர் ஏதோ ஒரு வழியில் சொந்தம். அதன்பிறகு எனக்கு எந்தப் புடைவைக் கடையிலும் வேலை கிடைக்கவில்லை. இப்போது வீட்டில் இருந்து சட்டை தைக்கிறேன்.

முந்தாநாள் அக்காவின் மகள் வேலைக்குப் போனாள். இரவு எட்டு மணிக்குக் கோல் எடுத்தாள், பஸ் சத்தத்துக்குள் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை.

"சின்னம்மா, கொப்பி எழுதுறன். பெட்டி இறக்கினதையும் எழுதவா?"

"எழுது."

"எத்தினை பெட்டி எண்டு எண்ணல்ல."

"நாளைக்கு எண்ணு."